பள்ளத்தூர் வீடும் ஒரு மூடிய டிரைவரும்

பள்ளத்தூரில் உள்ள ஒரு வீட்டின் வளவை, அதாவது நடுமுற்றப் பகுதியை, 640 படங்களாக எடுத்துவந்து, காரைக்குடியில் என் மேசைக் கணினியில் ஏற்றி, அவற்றிலிருந்து முப்பரிமாண உருவம் கட்டும் வேலையைத் தொடங்கினேன். முதல் மூன்று கட்டங்களும் தடையின்றி நடந்தன. ஒவ்வொரு படத்திலும் அடையாளப் புள்ளிகளைக் கண்டெடுப்பதும், ஒரு படத்தின் புள்ளியை மற்றொரு படத்தின் புள்ளியோடு பொருத்துவதும், கேமரா எங்கே நின்று அந்தப் படத்தை எடுத்தது என்று கணிப்பதும் கணினியின் சாதாரணச் செயலியே செய்துவிடக்கூடிய வேலைகள். அடுத்த கட்டம், படத்தில் தெரியும் தூணும் சுவரும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்ற ஆழத்தைக் கணிப்பது. அங்கே வேலை நின்றது. 'கூடா' வசதியுள்ள கிராபிக்ஸ் கார்டு எதுவும் இல்லை என்று ஒரு வரி திரையில் வந்தது. கார்டு கணினிக்குள்தான் இருந்தது. அதை வேலைக்கு அழைக்கும் டிரைவர் என்ற மென்பொருள்தான் இல்லை.

நான் பயன்படுத்தியது மெஷ்ரூம் என்னும் மென்பொருள். அது திறமூல மென்பொருள். எவரும் அதன் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் அதன் ஆழம் கணிக்கும் பகுதி, என்விடியா நிறுவனம் தன் கிராபிக்ஸ் கார்டுகளில் கணக்குகளை ஓட்டுவதற்காக 2007-இல் வெளியிட்ட 'கூடா' என்ற கணிப்புத் தளத்தின் மீது எழுதப்பட்டது. இதே வேலைக்குப் பயன்படும் கோல்மேப் என்ற மென்பொருளிலும் அடர்த்தியான உருவம் கட்டும் கட்டத்துக்கு அதே 'கூடா' வேண்டும். செயலியைக் கொண்டே முழு வேலையையும் முடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றையும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி, கண்ணாடிபோல் இழைத்த நம் சுவர்களின் பளபளப்பில் எல்லாக் கணிப்பு முறையும் தடுமாறுகிறது. ஒரே வளவைப் பலமுறை, அமைப்புகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்காமல் நல்ல உருவம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறைக்கும் நாட்கணக்கில் காத்திருக்க முடியாத வேலை இது.

இந்த வேலைக்கு ஏன் அவசரம் என்பதைச் செட்டிநாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் பட்டியல் எந்த வீட்டையும் நிறுத்தி வைப்பதில்லை. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள் இருப்பார்கள். சிலர் சென்னையில், சிலர் மலேசியாவில், சிலர் அமெரிக்காவில். கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது என்று முடிவெடுப்பதற்குள் பர்மாத் தேக்கு உத்தரம் உளுத்துவிடும். பிறகு வீடு இடிபட, நிலையும் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும். அதற்கு முன்பு முகப்பையும் வளவையும் இரண்டாம் கட்டையும் அளந்து, படமெடுத்து, உருவமாகச் சேமித்து வைப்பதுதான் நான் செய்யும் தொழில். அந்தக் கோப்புகளை அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் திறக்க முடிய வேண்டும் என்பதற்காகவே, எவருடைய உரிமத்தையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தேவையில்லாத லினக்ஸையும் திறமூல மென்பொருள்களையும் தேர்ந்தெடுத்தேன். அப்படித் தேர்ந்தவன், நிரலை வெளியிடாத ஒரு மூடிய டிரைவரை என் கையால் நிறுவ நேர்ந்தது எனக்கு எளிதான முடிவாக இருக்கவில்லை.

கார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னுடையது ஓர் அலுவலகத்தில் பயன்படுத்தி விற்ற பழைய கணினி. அதற்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் சிறியது. அதனால் ஜிடிஎக்ஸ் 1650 வாங்கினேன். 2019-இல் வந்த கார்டு, 4 ஜிபி நினைவகம், 896 'கூடா' கருக்கள். 75 வாட்டுக்குள் அடங்கும் என்பதால், தாய்ப்பலகையின் துளையிலிருந்தே முழு மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும் மாதிரி கிடைத்தது. மாட்டிய பிறகு திரையின் கேபிளைப் பழைய துளையிலிருந்து எடுத்துக் கார்டின் துளையில் செருக வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன்; டிரைவர் கோளாறு என்று என்னை அழைத்தவர்களில் சிலருக்குக் கேபிள் மட்டுமே இடம் மாறியிருக்க வேண்டியிருந்தது.

என் லினக்ஸ் விநியோகமான டெபியன் 12 அந்தக் கார்டைக் கண்டவுடன் நூவோ என்ற டிரைவரை ஏற்றியிருந்தது. திரை தெரிந்தது, எழுத்து தெளிவாக இருந்தது, வேறு குறை எதுவும் இல்லை. நூவோ, கார்டின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்துத் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர். 2010-இல் வந்த லினக்ஸ் 2.6.33-இலிருந்து, இயங்குதளத்தின் மையமான கர்னலிலேயே இருக்கிறது. அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் 2014-இல் வந்த 900 வரிசைக் கார்டுகளிலிருந்து, கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள் நிறுவனத்தின் கையொப்பம் பெற்றதாக இருந்தால்தான் கார்டு அதை ஏற்கும் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. கார்டின் வேகத்தைக் கூட்டும் அதிகாரம் அந்த ஃபர்ம்வேரிடம் இருப்பதால், நூவோவின் கீழ் கார்டு தொடக்கத்தில் வைத்த குறைந்த வேகத்திலேயே நின்றுவிடும். டெபியன் 12-இன் கர்னலான 6.1-இல் என் கார்டின் நிலையும் அதுவே. 'கூடா'வோ நூவோவில் அறவே இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கத்தில், எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஓர் அச்சு இயந்திரத்தின் நிரலை ரிச்சர்ட் ஸ்டால்மன் கேட்டு மறுக்கப்பட்ட நிகழ்ச்சி இருக்கிறது என்பதைப் பலரும் அறிவர். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வழக்கு அதே இடத்தில், டிரைவரில்தான் நிற்கிறது.

முதல் முறை நான் செய்தது பிழையான வழி. நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து 300 எம்பிக்கு மேற்பட்ட நிறுவல் கோப்பை நேரடியாக இறக்கினேன். எங்கோ படித்த குறிப்பின்படி, கணினி எழும்போது கையொப்பங்களைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் என்ற காவலை அணைத்தேன். நூவோவை ஏற்றக்கூடாது என்று தடைப்பட்டியலில் எழுதினேன். வரைகலைத் திரையை நிறுத்திவிட்டுக் கறுப்பு முனையத்தில் கோப்பை ஓட்டினேன். இடையில் அது டிகேஎம்எஸ்ஸில் பதிந்து கொள்ளட்டுமா என்று கேட்டது. அது என்னவென்று தெரியாமல் வேண்டாம் என்றேன். கணினி மீண்டும் எழுந்தது, கார்டு முழு வேகத்தில் ஓடியது, ஒரே இரவில் வளவின் தூண்கள் திரையில் எழுந்து நின்றன. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து, அந்தக் குடும்பத்தின் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் பள்ளத்தூரில் கூடுவதாக இருந்தது. முன்னோருக்குப் படைக்கும் அந்த நாளில்தான் அத்தனை பேரையும் ஒரே வளவில் பார்க்க முடியும். அன்று உருவத்தைப் பெரிய திரையில் காட்டி, வீட்டைப் பழுதுபார்க்கப் பேச வேண்டும் என்று அந்த வீட்டு ஆச்சி கேட்டிருந்தார். முந்தின நாள் மாலை, காத்திருந்த புதுப்பிப்புகளை எல்லாம் ஏற்றிவிட்டுக் கணினியை அணைத்து மீண்டும் எழுப்பினேன். திரை கறுத்தது. இடது மேல்மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

அன்று இரவு பதினொன்றரை மணி வரை போராடிவிட்டு ஆச்சியை அழைத்துச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, கோளாறு எதுனாலன்னு பாருங்க. எல்லாரும் வந்திருக்காக, நான் வாயாலயே சொல்லிக்கிறேன்," என்றார். அவர் அப்படிச் சொன்னது கடிந்துகொண்டதைவிட அதிகமாக என்னை வருத்தியது.

கோளாறு எதனால் என்பது மறுநாள் காலையில்தான் விளங்கியது. புதுப்பிப்பில் புதிய கர்னல் வந்திருந்தது. நான் நிறுவிய டிரைவர் பழைய கர்னலுக்காகக் கட்டப்பட்டது. பழைய தேக்குக் கதவு வாங்கப் போகும்போது விவரம் தெரிந்தவர்கள் நிலையோடு சேர்த்து வாங்குவார்கள். கதவை மட்டும் வாங்கி வந்தால், எவ்வளவு நல்ல கதவானாலும் வேறு வீட்டு நிலையில் பொருந்தாது, தச்சர் இழைத்துக் கொடுக்க வேண்டும். கர்னல்தான் நிலை; கர்னலுக்குள் ஏறும் டிரைவரின் துண்டான மாட்யூல்தான் கதவு. லினக்ஸ் கர்னலின் உள்ளிணைப்புகள் மாறாமல் இருக்கும் என்று அதை எழுதுபவர்கள் எவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வேண்டுமென்றே கொடுப்பதில்லை என்று கர்னலின் ஆவணங்களிலேயே காரணத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். கர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்களை, இணைப்பை மாற்றுபவரே கூடவே திருத்திவிடுவார். வெளியே இருக்கும் டிரைவரை அதன் உரிமையாளர்தான் திருத்த வேண்டும். ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் அதை மீண்டும் கட்ட வேண்டும். நிறுவனம் கொடுக்கும் மாட்யூலில் ஒரு பகுதி முன்பே தொகுத்து மூடிய பொருள். அதைச் சுற்றி, கர்னலோடு ஒட்டும் மெல்லிய அடுக்கு ஒன்று நிரலாகவே வருகிறது. நம் கணினியில் தொகுக்கப்படுவது அந்த அடுக்கு. நூவோவை நானே தடுத்திருந்ததால், புதிய கர்னலில் கார்டை முறையாக ஓட்ட இரண்டில் எந்த டிரைவரும் இல்லாமல் போனது.

ஒவ்வொரு கர்னலுக்கும் கதவை இழைத்துக் கொடுக்கும் தச்சர்தான் டிகேஎம்எஸ். டெல் நிறுவனம் 2003-இல் உருவாக்கிய கருவி அது. புதிய கர்னல் வந்து இறங்கியவுடன், தொகுக்கத் தேவையான, அதற்குரிய தலைப்புக் கோப்புகள் இருக்குமானால், பதிந்து வைத்த எல்லா வெளி மாட்யூல்களையும் அந்தக் கர்னலுக்காகத் தானே தொகுத்து வைக்கும். அன்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். வேண்டாம் என்று நான் சொன்ன விடைதான் ஆச்சியின் படைப்பு நாளில் கறுப்புத் திரையாக வந்தது. அந்த இரவில் எனக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கணினி எழும்போது, எந்தக் கர்னலோடு தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்திருந்தால் எல்லாம் முன்போலவே ஓடியிருக்கும். டெபியன் பழைய கர்னலை உடனே அழித்துவிடுவதில்லை. இந்த ஒரு செய்தியை மட்டுமாவது, டிரைவர் நிறுவ நினைக்கும் எவரும் நிறுவுவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து முனையம் வரும் என்பதையும்.

இரண்டாம் முறை, முனையத்தில் நுழைந்து, நிறுவனத்தின் கோப்பு தன்னோடு கொண்டுவந்திருந்த நீக்கியைக் கொண்டே பழையதை முழுவதும் நீக்கினேன். இது முக்கியம்; அந்த வழியில் நிறுவியவற்றைப் பற்றி மென்பொருள்களை நிறுவி நீக்கும் டெபியனின் பொதி மேலாளருக்கு எதுவும் தெரியாது, அதனால் அதன் மேல் இன்னொன்றை நிறுவினால் இரண்டும் ஒன்றன் கோப்பை ஒன்று மேலெழுதிக் கொள்ளும். பிறகு டெபியனின் களஞ்சியப் பட்டியலில் தனியுரிமப் பகுதியைச் சேர்த்தேன். டெபியனில் கட்டற்றவை ஒரு பகுதியிலும், கட்டற்ற தன்மை இல்லாதவை தனிப் பகுதியிலும் இருக்கும். 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து, ஃபர்ம்வேர்களை மட்டும் தனியே பிரித்து நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். டிரைவர் இன்னும் வெளிப்பகுதியில்தான் இருக்கிறது. நாம் அறிந்து, நம் கையால் எழுதிச் சேர்த்தால்தான் வரும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. உபுண்டு, கார்டைப் பார்த்துப் பொருத்தமான பதிப்பைத் தானே பரிந்துரைக்கும் கருவியைத் தருகிறது. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தில் கிடைக்கிறது. எந்த வழியானாலும், நாம் பயன்படுத்தும் விநியோகத்தின் களஞ்சியத்திலிருந்தே எடுக்க வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் இன்னும் புதிய பதிப்பு இருக்கிறதே என்ற ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. எனக்குக் களஞ்சியத்தில் கிடைத்த 535 பதிப்பு போதுமானதாக இருந்தது. கர்னலின் தலைப்புக் கோப்புகள், டிரைவர், 'கூடா' நூலகப் பொதி, கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கருவி ஆகியவற்றை நிறுவினேன். நூவோவைத் தடுக்கும் வேலையைப் பொதியே பார்த்துக்கொண்டது.

செக்யூர் பூட்டை அணைத்தே வைத்திருக்க எனக்கு மனமில்லை. குடும்பங்களின் பத்திரங்களும் வீட்டு வரைபடங்களும் இருக்கும் கணினி இது. செக்யூர் பூட் இயங்கும்போது, நம்பத்தக்க கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கர்னல் உள்ளே விடாது. நம் கணினியிலேயே தொகுத்த மாட்யூலுக்கு வேறு யார் கையொப்பம் இட முடியும்? நாம்தான் இட வேண்டும். டெபியன் 12-இல் டிகேஎம்எஸ் தானே ஒரு சாவி இணையை உருவாக்கிக் கையொப்பமும் இட்டு விடுகிறது. அந்தச் சாவியை இந்தக் கணினியின் உரிமையாளர் ஏற்றுக்கொண்டார் என்று கணினிக்குத் தெரிவிப்பது மட்டும் நம் கடமை. மோக்யுடில் என்ற கருவியால் சாவியை முன்மொழிந்து, ஒரு கடவுச்சொல்லை வைக்க வேண்டும். அடுத்த முறை கணினி எழும்போது, இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி காத்திருக்கும். அழுத்திச் சாவியைப் பதிவு செய்யும் வரியைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். அழுத்தாவிட்டால் முன்மொழிவு கழிந்துவிடும். கணினி வழக்கம்போல் எழும். டிரைவர் மட்டும் வராது. நான் முதல் தடவை தேநீர் எடுக்க அடுக்களைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து, எல்லாம் சரியாக நிறுவியும் ஏன் டிரைவருடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது என்று ஒரு மணி நேரம் தேடினேன். சாவியை மீண்டும் முன்மொழிந்து, இம்முறை திரை முன்னாலேயே உட்கார்ந்து, அந்த நீலத் திரையில் பதிவு செய்தேன். ஆளில்லாத நேரத்தில் எவரும் வெளியிலிருந்து சாவியைச் செருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான், கணினியின் முன்னால் ஆள் இருந்து செய்ய வேண்டியதாக இதை அமைத்திருக்கிறார்கள் என்று புரிந்த பிறகு, அந்த ஒரு மணி நேரம் எனக்கு வீணாகத் தோன்றவில்லை.

என்விடியா-எஸ்எம்ஐ கருவியை ஓட்டியபோது கார்டின் பெயர், டிரைவரின் பதிப்பு, வெப்பநிலை, நினைவகத்தின் அளவு எல்லாம் கட்டமிட்டு வந்தன. கர்னலின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அதில் இந்த மாட்யூலின் உரிமத்தால் கர்னல் கறைபட்டது என்று பொருள்படும் ஒரு வரி இருந்தது. அந்தச் சொல்லைக் கர்னல் எழுதுபவர்கள் எண்ணித்தான் தேர்ந்திருக்கிறார்கள். நிரல் தெரியாத ஒன்று உள்ளே ஓடும்போது, அதன் பிறகு நேரும் எந்தப் பிழைக்கும் காரணம் தேட அவர்களால் இயலாது. அத்தகைய கணினியிலிருந்து வரும் பிழை அறிக்கையை அவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வரியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஆனால் மறைக்காமல் எழுதி வைக்கிறதே என்ற மதிப்பும் வந்தது.

2022 மே மாதத்தில் என்விடியா தன் கர்னல் மாட்யூல்களின் நிரலை எம்ஐடி, ஜிபிஎல் என்ற இரண்டு கட்டற்ற உரிமங்களில் வெளியிட்டது. டூரிங் என்ற தலைமுறையிலிருந்து அவை பொருந்தும். அந்தத் தலைமுறையிலிருந்து கார்டுக்குள்ளேயே ஒரு சிறு செயலி இருக்கிறது, முன்பு மாட்யூல் செய்த வேலைகளில் பெரும்பகுதி அதில் ஓடும் ஃபர்ம்வேருக்குப் போய்விட்டது. ஆகவே முழுவதும் திறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஃபர்ம்வேரும் மூடியதுதான், 'கூடா' நூலகமும் மூடியதுதான். ஆனால் கர்னலின் வளவுக்குள் வந்து நிற்பது இப்போது முகம் தெரிந்த ஆள். 2024-இல் வந்த 560 பதிப்பு முதல், பொருந்தும் கார்டுகளுக்கு நிறுவனமே இந்தத் திறந்த மாட்யூலைத்தான் முதல் தேர்வாக வைக்கிறது. என் 1650 டூரிங் தலைமுறையைச் சேர்ந்தது என்பது நான் அறிந்து செய்த தேர்வு அல்ல. மின்சாரக் கணக்கைப் பார்த்து வாங்கியது அப்படி அமைந்தது. டெபியன் 13-க்கு மாறியபோது திறந்த மாட்யூல் பொதியை நிறுவினேன். உரிமக் கறை போய், கர்னலுக்கு வெளியிலிருந்து வந்தது என்ற குறிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தேவகோட்டையில் இதே வேலை செய்யும் நண்பரிடம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இருக்கிறது. அது 2016-இல் வந்த பாஸ்கல் தலைமுறை. திறந்த மாட்யூல் அதற்குப் பொருந்தாது. அந்தத் தலைமுறையைத் தாங்கும் கடைசி வரிசை 580 என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. அவருடைய கார்டில் ஒரு குறையும் இல்லை, விசிறிகூட மாற்றவில்லை. ஆனால் இனி வரும் கர்னல்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போக, அதற்கு இழைத்துக் கொடுக்க ஆள் இல்லாத நாள் வரும். நூற்றிருபது ஆண்டுத் தேக்குக் கதவைப் பழுதுபார்க்க இந்த வட்டாரத்தில் இன்னும் தச்சர் கிடைக்கிறார். பத்து ஆண்டுக் கார்டுக்குக் கிடைக்க மாட்டார் என்பது எனக்கு ஆறாத குறை. புதிதாக வாங்குபவர்கள் கேட்டால், 'கூடா' கட்டாயம் இல்லாத வேலை என்றால் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கும் ஏஎம்டி அல்லது இன்டெல் கார்டை வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். கட்டாயம் என்றால் டூரிங் தலைமுறைக்குப் பிந்தையதை.

படைப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து, பங்காளிகளில் ஊரில் தங்கியிருந்த நால்வருக்கு உருவத்தைக் காட்டினேன். ஆச்சி நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வளவின் தென்மேற்கு மூலையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். அங்கே ஆத்தங்குடிக் கல் நான்கு மட்டும் வேறு பூவில் பதிந்திருந்தன. தான் வாழவந்த ஆண்டில் உடைந்து மாற்றியவை என்றார். அத்தனை நாள் அந்த வீட்டை அளந்தும் நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

இப்போது புதிய கர்னல் வந்தால், கணினியை அணைத்துப் போடுவதற்கு முன்பு டிகேஎம்எஸ்ஸின் நிலையைக் கேட்டு, அந்தக் கர்னலின் எண்ணுக்கு நேராக மாட்யூல் நிறுவப்பட்டது என்று வருகிறதா எனப் பார்க்கிறேன். வராவிட்டால் அணைப்பதில்லை. பழைய கர்னல் ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறேன். ஒரு வீட்டாருக்குக் காட்ட வேண்டிய வாரத்தில் எந்தப் புதுப்பிப்பும் ஏற்றுவதில்லை. போன வெள்ளிக்கிழமை வந்த கர்னலுக்கு இவற்றையெல்லாம் பார்த்து முடித்து, பள்ளத்தூர் வீட்டின் இரண்டாம் கட்டுப் படங்களைக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது ஆழம் கணிக்கும் கட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்டு 68 டிகிரியில் இருக்கிறது.